மாத்திரையோடு மூச்சும் பழகுவோம்



காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறோம். கால் முறிந்தால் கட்டுப் போடுகிறோம். வீட்டில் ஒருவர் உண்ணாமல், உறங்காமல், பெற்ற பிள்ளைகளின் முகத்தைக்கூட ஏறிட்டுப் பார்க்காமல் முடங்கிக் கிடந்தால் மட்டும் என்ன சொல்கிறோம்? "வேலைக்குக் கள்ளம்" என்கிறோம். அல்லது "காற்றுக் கருப்பு" என்று பூசாரியைத் தேடுகிறோம். இரண்டு வாரங்களுக்கு மேல் இப்படி நீடித்தால் அது மனச்சோர்வு என்னும் நோயாக இருக்கலாம். அதற்கு மருத்துவம் உண்டு.

ஆனால் மாத்திரை குணம் காட்டச் சில வாரங்கள் பிடிக்கும். முதல் மாத்திரையிலேயே எல்லாரும் தேறிவிடுவதுமில்லை. அமெரிக்காவில் ஏறத்தாழ 4,000 நோயாளிகளைக் கொண்டு நடத்தி, 2006இல் வெளியிட்ட ஆய்வில், முதல் மருந்தில் முழுக் குணம் கண்டவர்கள் மூவரில் ஒருவர்தான். இரண்டு மருந்துகளைத் தக்க அளவில், தக்க காலம் உட்கொண்டும் தேறாவிட்டால் அதை எளிதில் தீராத மனச்சோர்வு என்கிறார்கள். அது நோயாளியின் குற்றமன்று.

இவ்விடத்தில்தான் யோகாசனம் துணைக்கு வருகிறது. அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில், மருந்து உட்கொண்டும் சோர்வு நீங்காத 122 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு யோகாசன வகுப்பு. மறு பிரிவுக்கு உடல்நலப் பாடம். 10 வாரம் கழித்துப் பார்த்தால் பெரிய வேறுபாடு இல்லை. அடுத்து வந்த மாதங்களில்தான் யோகாசனம் பழகியவர்களின் சோர்வு கூடுதலாகக் குறைந்திருந்தது. 2017இல் வெளிவந்த இந்த ஆய்வு நமக்குப் பொறுமையைச் சொல்கிறது. பத்து நாள் செய்துவிட்டுப் பாயைச் சுருட்டலாகாது.

"விடியுமுன் எழுந்து மரம் வெட்டுகிறோம், குலை சுமக்கிறோம். இதற்குமேல் என்ன பயிற்சி?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வேலையில் உடல் ஓடுகிறது. மனமோ கடனையும் கவலையையும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. யோகாசனத்தில் மனத்தை மூச்சின்மேல் நிறுத்துகிறோம். அது விலகும்போதெல்லாம் திரும்ப அழைத்து வருகிறோம். மூச்சை மெல்ல, நீளமாக விடும்போது நெஞ்சின் படபடப்பும் தணிகிறது.

குளித்து முடித்து, மாலையில் வாசலில் ஒரு பாய் போடுங்கள். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். பத்து நிமிடம் போதும். மூச்சை அடக்க வேண்டாம். ஆசனங்களைப் பழகியவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

சோர்ந்தவருக்கு எழுந்து உட்காரவே மனம் வராது. அதுதான் அந்த நோய். ஆகவே, "போய்ச் செய்" என்று விரட்டாதீர்கள். "வா, சேர்ந்து செய்வோம்" என்று பக்கத்தில் உட்காருங்கள். இன்று முடியாவிட்டால் ஏசாமல் நாளைக்கு அழையுங்கள்.

தாய்மார்களே, ஒன்றை மறவாதீர்கள். யோகாசனம் தொடங்கிவிட்டோம் என்று மாத்திரையைக் குப்பையில் போடுவது ஆபத்து. குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டரின் பொறுப்பு. பலன் தெரியாவிட்டால் அதையும் அவரிடமே சொல்லுங்கள். மருந்தை மாற்றலாம், வேறு சிகிச்சைகளும் உண்டு.

"நான் இருந்து என்ன பயன்" என்று ஒருவர் சொன்னால் பாயும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம். அவரைத் தனியே விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். களைக்கொல்லி மருந்தை வீட்டில் வைக்காதீர்கள். போலீசுக்குப் பயந்து மூடி மறைக்கவும் வேண்டாம். தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்ற சட்டப் பிரிவை நம் நாடு 2023இல் நீக்கிவிட்டது. மனம்விட்டுப் பேச, சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணும் இருக்கிறது.

நோய் தீர நாளாகலாம். அந்த நாள்களில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நம் கையில்தான் இருக்கிறது.