குடிபுகும் ஊரும் கொள்ளும் மனையும்

என் தந்தையார் அலுவல் மாற்றம் பெற்றுச் சங்கரன்கோவிலுக்கு வந்து ஈராண்டுகள் ஆயின. வாடகை வீட்டு வாழ்க்கை போதும், ஓய்வு பெறுமுன் சொந்த மனையொன்று கொள்வோம் என அவர் துணிந்தமையால், சென்ற கோடை விடுமுறை முழுதும் அவரோடு தெருத்தெருவாய்த் திரியும் பணி எனக்கு வாய்த்தது. அத்திரிதலின் பயனாய் எழுந்த சில எண்ணங்களை நேயர்கள் முன் வைக்கின்றேன்.

எங்களுக்கு அறிவுரை கூற முன்வந்த அன்பர் பலர். அவருட் பெரும்பாலார் முதற்கண் பேசியது நீரைப்பற்றியன்று, பத்திரத்தைப் பற்றியுமன்று. “நம்மவர்கள் எந்தப் பக்கம் இருக்கிறார்களோ, அந்தப் பக்கமே பாருங்கள் ஐயா” என்பதே அவர்தம் முதன்மொழி. ஆலய மணியோசை கேட்குந் தொலைவில் வீடு அமைதல் நன்று என்பதை யானும் மறுக்கேன். முதிர்ந்த வயதினரான என் பாட்டியார் ஞாயிறுதோறும் நடந்தே ஆராதனைக்குச் செல்ல விழைபவர். ஆயினும், ‘நம்மவர்’ என்னுஞ் சொல்லுக்குப் பொருள் யாதென வற்புறுத்தி வினவியபோது, அன்பர் ஒருவர் சற்றே நகைத்து, ஒரு சாதிப் பெயரைச் சொன்னார்! ஆலயத்தின் அண்மை என்பது அதன்மேல் இட்ட திரையேயாயிற்று.

இவ்வழக்கிற்கு ஒரு வரலாறு உண்டு. அதனை அறியாது பழித்தல் முறையன்று. திருநெல்வேலிச் சீமையில் விசுவாசத்தின்பொருட்டு அலைக்கழிக்கப்பட்டோருக்கெனத் தாவீது சுந்தரானந்தம் 1799-ஆம் ஆண்டில் நிலங்கொண்டு ஓர் ஊரை அமைத்தார். கிறிஸ்தவர்க்கென எழுந்த முதல் ஊர் ஆதலின் அது முதலூர் எனப்பட்டது. 1814-இல் சாயர் என்னும் வணிகர் வாங்கியளித்த நிலத்தில் சாயர்புரம் எழுந்தது. இரேனியுஸ் ஐயர் 1830-இல் தரும சங்கம் என ஒன்று நிறுவினார். துன்புற்ற விசுவாசிகள் குடியிருக்க நிலமும் மனையும் வாங்குதல் அதன் நோக்கங்களுள் ஒன்று. அம்மக்கள் அன்று தேடியது வெறும் மனையன்று. உயிருக்கும் மானத்துக்கும் ஓர் அரண். துரத்தப்பட்டவன் தன்னோடு துரத்தப்பட்டவனைச் சேர்ந்து வாழ்தல் இயல்பே. ஆனால் அவ்வடைக்கல ஊர்களுட் பல நாளடைவில் ஒரே குலத்தார் ஊர்களாய் நிலைத்தன. இன்று நம்மைத் துரத்துவார் எவருமிலர். மாத ஊதியம் வாங்கிக்கொண்டு, வங்கிக் கடன் பெற்று மனை கொள்ளும் நாம், அடைக்கலந் தேடினோர் வழக்கத்தை எடுத்துக்காட்டுவது பொருந்துமா?

அம்முன்னோரிடம் கற்கவேண்டுவது வேறொன்று. எங்கள் முன்னோர் ஊர் இடையன்குடிக்கு அண்மையிலுள்ளது. 1841-இல் அங்கு வந்த கால்டுவெல் ஐயர் நேரிய தெருக்களை வகுத்தார், கிணறுகள் அகழ்வித்தார், மரங்கள் நடுவித்தார். 1856-இல் ஒப்பிலக்கணம் வெளியிட்ட பேரறிஞர் என அவரை வகுப்பறையிற் போற்றும் நாம், தெருவுக்கு நூல்பிடித்தவரும் அவரே என்பதை மறந்துவிடுகின்றோம்.

சங்கரன்கோவிலில் மனை கொள்வார்க்கு நீரே முதல் வினா. குற்றாலத்திற் சாரல் பொழியும் நாளிலும் இவ்வூரில் வெறுங்காற்றே வீசும்; ஐப்பசி கார்த்திகை மழையை நம்பிய மண் இது. குருவிகுளம், தேவர்குளம், சின்னக்கோவிலான்குளம் எனச் சுற்றுவட்டத்து ஊர்ப்பெயர்களை நோக்குக. முதற்குடிகள் எதனைப் பார்த்துக் குடியமர்ந்தனர் என்பதை அப்பெயர்களே கூறும். நாங்களோ கண்கவர் வண்ணத்தில் அச்சிட்ட விளம்பரத் தாளைப் பார்த்துப் புறப்பட்டோம்.

‘நம்மவர்’ மிகுந்த பக்கம் என்று தரகர் காட்டிய மனை ஊர்ப்புறத்தே, ஓடையொன்றின் கரையை ஒட்டிக் கிடந்தது. கோடையாதலின் ஓடை வறண்டிருந்தது. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தென்மாவட்டங்களிற் பெய்த பெருமழையை யாம் மறந்திலேம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. பொழிந்ததன்றோ? வறண்ட ஓடையும் தன் வழியை மறப்பதில்லை. நகரமைப்பு அங்கீகாரத்தைப் பற்றித் தந்தையார் வினவியபோது, “அதெல்லாம் பிறகு வரன்முறை செய்துகொள்ளலாம்” என்றார் தரகர். 2017-இல் அரசு வகுத்த வரன்முறை விதிகள் 2016 அக்டோபர் 20-ஆம் நாளுக்கு முற்பட்ட மனைப்பிரிவுகளுக்கே உரியன என்பதைத் தந்தையார் அறிந்திருந்தமையால் அப்பேச்சு அவ்வளவில் நின்றது. அன்றேல் எங்கள் சேமிப்பு அவ்வோடைக்கரையிற் புதைந்திருக்கும்.

மற்றொரு மனை நெசவாளர் தெருவில் இருந்தது. பட்டாவும் வில்லங்கச் சான்றும் செவ்வையாயிருந்தன. ஆனால் இருபுறமும் விசைத்தறிகள் ஓயாது ஒலித்தன. என் தாயார் தரகரை விடுத்து, குழாயடியில் நின்ற பெண்டிரை அணுகி, நீர் எத்தனை நாளுக்கொருமுறை வரும், கோடையிற் கிணறு ஊறுமா, இரவிற் பிணியாளரை எடுத்துச் செல்ல வண்டி தெருவுள் வருமா என்றெல்லாம் கேட்டறிந்தார். “தறிச் சத்தம் பழகிப்போகும் அம்மா, தண்ணீர் இல்லாததுதான் பழகாது” என்றாராம் ஒரு மூதாட்டியார். யான் கேட்ட அறிவுரைகளுள் இதனின் மேலானது பிறிதில்லை.

உறவினர் சிலர் இதற்கும் ஒரு தடை கூறினர். “ஆபத்து வந்தால் நம்மவரல்லவோ ஓடிவருவர்?” என்பது அது. அச்சொல்லில் உண்மை சிறிதும் இல்லையென்று கூறத் துணியேன். திருமணத்திற்கும் துக்கத்திற்கும் சபையார் வந்து நிற்பதை யான் கண்டிருக்கின்றேன். எனினும் நள்ளிரவில் நெஞ்சுநோவென்று கூவினால் முதலிற் கதவு திறப்பவர் அடுத்த வீட்டாரே. எனக்குப் பிறன் யாரென்று வினவியவனுக்கு நம் ஆண்டவர் சமாரியன் ஒருவனைக் காட்டினார். அக்கதையை ஓய்வுநாட் பள்ளியில் ஒப்பித்துப் பரிசு பெற்ற நாமே, மனை வாங்கும்போது சமாரியர் இல்லாத தெருவைத் தேடுகின்றோம்.

இவ்வூர்க் கோயிலின் கதையும் ஈண்டு நினைவுக்கு வருகின்றது. சங்கன், பதுமன் என்னும் நாகவேந்தர் இருவர் சிவன் பெரியனோ திருமால் பெரியனோ என வழக்கிட, ஒருபாதி சிவனும் ஒருபாதி திருமாலுமாய்ச் சங்கரநாராயணர் காட்சியளித்தார் என்பர். அவ்வழிபாட்டில் எனக்குப் பங்கில்லை. ஆயினும் ஆடித்தபசுக்குத் திரளும் மக்கள் ஆண்டுதோறும் நினைவுகூரும் கதை ஒரு வழக்குத் தீர்ந்த கதை என்பது எனக்கு உவப்பளிக்கின்றது.

நெசவாளர் தெரு மனைக்குத் தந்தையார் முன்பணம் கொடுத்துவிட்டார். ஆலயம் அங்கிருந்து ஒரு மைலுக்குச் சற்று மிகும். ஞாயிறுதோறும் ஆட்டோ வண்டியில் அழைத்துச் செல்வதாய் வாக்களித்தும், பாட்டியார் இன்னும் முற்றும் மனம் ஒப்பவில்லை.