ரிப்பேர் கூலி

சென்ற இதழில் நண்பர் ஒருவர் கைக்கடிகாரம் ரிப்பேர் செய்பவரைப் பற்றி ஒரு கவிதை எழுதியிருந்தார். கண்ணில் லென்ஸ், விரல் நுனியில் சாமணம், நின்றுபோன முட்கள், காலத்தை மீட்டுத் தரும் முதியவர் எல்லாம் கவிதையில் இருந்தன. முதியவர் வாங்கும் கூலி மட்டும் இல்லை. பாராட்டி மூன்று கடிதங்கள் வந்திருப்பதாக ஆசிரியர் சொன்னார். இதை நான்காவது கடிதமாக வைத்துக்கொள்ளலாம். பாராட்டு அல்ல.

நண்பரை எனக்குத் தெரியும். கல்யாணத்தின்போது மாமனார் போட்ட ஹெச்.எம்.டி. வாட்ச் ஒன்று அவரிடம் இருக்கிறது. இரண்டு வருஷமாக அது ஓடவில்லை. ஒரு கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஏன் என்று கேட்டேன். “சர்வீஸ் பண்ண அறுநூறு கேட்கிறான். இன்னும் கொஞ்சம் போட்டால் புதுசே வாங்கிடலாமே” என்றார். கவிதையில் ‘முதியவர்’, டீக்கடையில் ‘கேட்கிறான்’. இந்த இரண்டு விகுதிகளுக்கும் இடையில் இருக்கும் தூரம்தான் என் பிரச்னை. அந்தக் கவிதையின் பிரச்னையும் அதுதான் என்று நினைக்கிறேன்.

நண்பரை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. அதே வாக்கியத்தை நானும் சொல்லியிருக்கிறேன், அதுவும் ஆளின் முகத்துக்கு நேராக.

மூன்று வருஷத்துக்கு முன் அப்பாவின் வாட்ச்சை எடுத்துக்கொண்டு வாலாஜாபாத் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கடைக்குப் போனேன். கடை என்பது மரியாதைக்குச் சொல்வது. தகரக் கூரைக்குக் கீழே ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு ஸ்டூல், ஒரு டேபிள் லைட். காஞ்சிபுரம் பஸ்ஸும் செங்கல்பட்டு பஸ்ஸும் திரும்பும்போது தூசி கிளம்பும். அதற்காகப் பிரித்துப்போட்ட உறுப்புகளின் மேல் ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து வைத்திருப்பார். ஊரில் எல்லோரும் அவரை பாய் என்று கூப்பிடுகிறார்கள், நானும் அப்படித்தான். அவர் என்னை சார் என்கிறார், பேங்கில் இருப்பதால். வாட்ச், ஹெச்.எம்.டி. ஜனதா, 17 ஜூவல், தினம் சாவி கொடுக்கும் ரகம். நாளைக்குப் பத்து நிமிஷம் பிந்திக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்து பார்த்தார்.

“எண்ணெய் காஞ்சு கெட்டியாயிடுச்சு. முழுசா பிரிச்சுக் கழுவணும். எழுநூறு ஆகும் சார்.”

“புதுசே ஐநூறுக்கு வருதே பாய்?”

“வருது சார். அது மெஷின் செஞ்சது. இத நான் செய்யணும்.”

கோபமில்லாமல் மூடியைப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பார்த்ததற்குக் காசு கேட்கவில்லை. அப்பா அதை அப்படியே கட்டிக்கொண்டு, தினமும் காலையில் சாவி கொடுத்து, பத்து நிமிஷத்தைத் திருத்திக்கொண்டிருந்தார்.

அதே மாதம் மனைவியின் குவார்ட்ஸ் வாட்ச் நின்றுபோயிற்று. ஒரு கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏ.சி. அறை, டோக்கன், கம்ப்யூட்டர் அடித்துத் தந்த எஸ்டிமேட். உள்ளே இருக்கும் மெஷினை முழுசாக மாற்ற வேண்டும், வரியோடு சேர்த்து 1,850 ரூபாய். ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்துப் போட்டேன். பேரம் பேசலாம் என்ற எண்ணமே எழவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் மனிதன் சொன்ன விலை எனக்குப் பேரத்துக்கு உரியதாகப் பட்டிருக்கிறது. அச்சடித்த காகிதம் சொன்ன விலையோ மழை வெயில் மாதிரி, ஏற்றுக்கொள்ள வேண்டிய ஒன்றாகப் பட்டிருக்கிறது. உழைப்பு, அந்நியமாதல் என்றெல்லாம் இதே பத்திரிகையில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான்.

700 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது? கவிதையில் வராததால் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. முதலில் மெயின் ஸ்பிரிங்கின் முறுக்கை இறக்க வேண்டும். இறக்காமல் பிரித்தால் சக்கரங்களின் பல் போய்விடும். பிறகு முட்கள், டயல், பேலன்ஸ் வீல், சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து விடும் கவை, பல்சக்கரங்கள், ஸ்பிரிங் பெட்டி என்று நூறுக்கும் மேற்பட்ட உறுப்புகளை வரிசை தப்பாமல் கழற்ற வேண்டும். பெட்ரோலில் கழுவ வேண்டும். செயற்கை மாணிக்கக் கற்களின் துளைகளைக் குச்சி முனையால் துடைக்க வேண்டும். அப்புறம் எண்ணெய். ஸ்பிரிங்குக்குக் கெட்டியான மசகு, பேலன்ஸ் அச்சுக்கு மெல்லிய எண்ணெய், கவையின் அச்சுக்கு எண்ணெயே கூடாது. ஒரு துளி அதிகமாகி ஹேர் ஸ்பிரிங்கில் பட்டால் அதன் சுருள்கள் ஒட்டிக்கொண்டு வாட்ச் தறிகெட்டு முந்தும். எல்லாம் மாட்டிய பிறகு இரண்டு மூன்று நாள் படுக்கவைத்தும் நிறுத்திவைத்தும் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். சரியாக வராவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்குத் தனிக் கூலி கிடையாது.

கைவேலை மட்டும் மூன்று மணி நேரம் என்று வையுங்கள். எண்ணெய், பெட்ரோல், வாடகை, கரண்ட் போக மணிக்கு 200 ரூபாய் தேறுவது கஷ்டம். என் சம்பளத்தையும் மணிக்கணக்கில் வகுத்துப் பார்த்தேன். அவருடையதைவிட அதிகம். ஆள் வராத நாளிலும் அது வரும், கம்ப்யூட்டர் படுத்துவிட்ட நாளிலும் வரும். “உங்க சம்பளத்துக்கு இன்னொரு மெஷின் வச்சுடலாமே” என்று கவுண்டரில் யாரும் என்னிடம் சொல்வதில்லை. நினைப்பவர்கள் உண்டு.

குமாஸ்தா புத்தி இன்னொரு கணக்கையும் போட்டது. ஜனதா மணிக்கு 18,000 தடவை அடிக்கிறது. அதாவது வினாடிக்கு ஐந்து, நாளைக்கு 4,32,000. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சர்வீஸ் என்றால் அதற்குள் 47 கோடி தடவை. 700ஐ அந்த மூன்று வருஷத்தின் நாட்களால் வகுத்தால் நாளைக்கு 64 பைசா. 28 நாளைக்கு ஒருமுறை முணுமுணுக்காமல் போனுக்கு ரீசார்ஜ் செய்கிற நாம் இந்த 64 பைசாவைத்தான் அநியாயம் என்கிறோம்.

ரிப்பேர் கூலியைப் புது வாட்ச்சின் விலையோடு ஒப்பிடுவதே தவறான கணக்கு என்பது என் கட்சி. ஏன் என்று பார்க்க வேண்டும்.

ஜப்பானின் சிட்டிஸன் கம்பெனியின் ஒத்துழைப்போடு பெங்களூரில் ஹெச்.எம்.டி. வாட்ச் செய்ய ஆரம்பித்தது 1961இல். அந்த வாட்ச்சுகள் பிரிப்பதற்கென்றே செய்யப்பட்டவை. திருகாணியைக் கழற்றினால் கழலும், எண்ணெய் போட்டால் ஓடும். 1969இல் ஜப்பானின் ஸெய்கோ குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தைக் கொண்டுவந்தது. வினாடிக்கு 8,192 தடவை அதிரும் ஒரு கல் துணுக்கு பேலன்ஸ் வீலின் வேலையைப் பிடுங்கிக்கொண்டது. 1983இல் ஸ்விட்சர்லாந்தில் ஸ்வாட்ச் வந்தது. மொத்தம் 51 உறுப்புகள், ஒட்டி மூடிய பிளாஸ்டிக் கூடு, பிரிக்கவே முடியாது. ரிப்பேர் செய்பவன் இல்லாத உலகத்தை முன்கூட்டியே தீர்மானித்துச் செய்த பொருள் அது. 1984இல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனை ஆரம்பித்தன. தொழிற்சாலை ஓசூரில், பிரதானம் குவார்ட்ஸ். டிட்கோவுக்கு இன்றும் அதில் நாலில் ஒன்றுக்கும் மேற்பட்ட பங்கு. பாயின் வாடிக்கை தேய்ந்ததில் தமிழ்நாட்டின் கஜானாவுக்கு வருமானம் உண்டு என்று சொன்னால் மிகை இல்லை. 2016 ஜனவரியில் ஹெச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. இனி உதிரி உறுப்பு என்றால் செத்த வாட்ச்சிலிருந்து எடுப்பதுதான்.

இந்த அறுபது வருஷத்தில் ஒரு வாட்ச்சைச் செய்வதற்கு ஆகும் மனித நேரம் நிமிஷங்களாகச் சுருங்கிவிட்டது. ஒரு வாட்ச்சைக் கழுவி எண்ணெய் போட ஆகும் நேரம் சுருங்கவில்லை. பாமோல், போவன் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் 1966இல் நாடகம், சங்கீதம் பற்றி எழுதிய புத்தகத்தில் இதைச் சொல்லிவிட்டார்கள். நாலு பேர் வாசிக்க வேண்டிய இசையை இன்றும் நாலு பேர்தான் வாசிக்க வேண்டும், அதே நேரம்தான் ஆகும். மற்றதெல்லாம் மலிவாக மலிவாக, மலிவாக்க முடியாத வேலை விலை ஏறியது போலத் தெரியும். பாயின் கூலி ஏறவில்லை. அவரைச் சுற்றி இருப்பதெல்லாம் இறங்கிவிட்டது. புதுப் பொருளின் விலையில் மனிதனின் உழைப்பு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கிறது. ரிப்பேர் கூலியில் அது அம்மணமாக நிற்கிறது. அதைப் பார்த்துத்தான் நமக்குக் கோபம் வருகிறது.

இதற்கு வரக்கூடிய ஆட்சேபங்கள் எனக்குத் தெரியும். ஏழைக்கு 700 ரூபாய் பெரிதில்லையா? பெரிதுதான். விடியற்காலையில் ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பையன் 300 ரூபாய் வாட்ச்சைக் கட்டிக்கொண்டு, நின்றதும் எறிந்தால் அவனோடு எனக்குச் சண்டை இல்லை. கொடுக்க முடிந்தும் கொடுக்காமல், அதன்மேல் கவிதையும் எழுதுகிறவர்களோடுதான் சண்டை. இன்னொன்று, ‘பார்ட்டை மாற்றிவிடுவார்கள்’. மாற்றுகிறவர்கள் இருக்கலாம். ஆனால் ஸ்டூல்காரர் ஒரு சக்கரத்தை மாற்றிவிடுவாரோ என்று கண்கொட்டாமல் பார்க்கும் நாம், மெஷினையே முழுசாக எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கிற இடத்தில் நன்றி சொல்லிவிட்டு வருகிறோம்.

அரசாங்கத்தின் கண்ணிலும் இந்தத் தொழில் இல்லை. 2023 செப்டம்பரில் வந்த பி.எம். விஸ்வகர்மா திட்டத்தில் 18 கைத்தொழில்கள் இருக்கின்றன. தச்சர், கொல்லர், குயவர், பூட்டுத் தொழிலாளி, படகு கட்டுபவர், மீன்வலை பின்னுபவர் எல்லோரும் உண்டு. வாட்ச் ரிப்பேர் இல்லை. அந்தத் திட்டத்தை 2024இல் தமிழக அரசு ஏற்க மறுத்தது, அந்த விவாதம் வேறு. 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ஒரு குழு போட்டது. விவசாயக் கருவிகள், செல்போன், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது. கைக்கடிகாரம் அதிலும் இல்லை. கடன் மனுவில் ‘தொழில்’ என்ற கட்டத்தில் பாய் மாதிரியான ஒருவருக்கு நான் தேர்ந்தெடுக்க முடிவது ‘இதர சேவைகள்’ என்பதை மட்டும்தான்.

உடனே மரபைத் துணைக்கு அழைப்பவர்கள் நம்மிடையே உண்டு. வாலாஜாபாத்தில் பாலாற்றைத் தாண்டிப் போனால் உத்திரமேரூர். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921. குடவோலையைப் பற்றிப் பேசாத மேடை இல்லை. எதற்காகச் சீட்டுக் குலுக்கினார்கள் என்று மட்டும் பேசுவதில்லை. அவர்கள் தேர்ந்தெடுத்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். வெட்டியாகிவிட்ட ஏரியை வருஷாவருஷம் பார்த்துக்கொள்வதற்கு ஆள், அதற்குக் கணக்கு, கணக்குக் காட்டாதவனுக்கு மறுபடி இடமில்லை. பராமரிப்பு கௌரவமான காரியம் என்று அந்தச் சபைக்குத் தெரிந்திருந்தது. ஆனால் உறுப்பினராகச் சொந்த நிலமும் வீடும் வேதப் பயிற்சியும் வேண்டும். வண்டல் சுமந்தவனுக்கு அந்தச் சபையில் இடம் இருந்திருக்க முடியாது. வேலைக்குக் கௌரவம், செய்பவனுக்கு இல்லை. ஆயிரத்து நூறு வருஷம் கழித்து நண்பரின் கவிதை செய்திருப்பதும் அதையேதான்.

நம் வட்டத்துக்கு இதில் நேரடியான சம்பந்தம் உண்டு. பழைய நாவல் ஒன்றை மறுபதிப்பு செய்கிறார்கள். அட்டைக்குச் செலவு, விழாவுக்குச் செலவு. முதல் பதிப்போடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பிழை திருத்துகிறவர் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாயைத் திறந்தால், “இந்தக் காசுக்கு இன்னொரு புத்தகமே போடலாமே” என்கிறார்கள். விடுபட்ட வரி விடுபட்டபடியே அடுத்த பதிப்புக்கும் போகிறது. எங்கேயோ கேட்ட வாக்கியம்.

போன மாதம் அப்பாவின் வாட்ச்சை மறுபடி எடுத்துக்கொண்டு போனேன். பாய் 900 என்றார். கொடுத்தேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, மூன்று வருஷத்துக்கு முன் கொடுத்திருக்க வேண்டியது. நாலு நாள் கழித்து வாட்ச்சைக் கையில் வைத்தபடி சொன்னார்:

“ஓடுது. ஆனா ஒரு நாளைக்கு ரெண்டு நிமிஷம் பிந்தும். எண்ணெயில்லாம ஓடி பேலன்ஸ் அச்சு தேஞ்சுபோச்சு. அப்பவே கழுவியிருந்தா தேஞ்சிருக்காது சார். அச்சு புதுசு வராது. செத்த வாட்ச் ஏதாச்சும் கிடைச்சா எடுத்துப் போடறேன்.”

அந்தத் தேய்மானத்தின் விலை என்ன என்று எந்தக் கணக்கிலும் என்னால் எழுத முடியவில்லை.

நண்பருக்கு ஒரு வார்த்தை. உங்கள் வாட்ச் இரண்டு வருஷமாக ஓடாமல் கிடப்பதால் அச்சு தேயாமல் இருக்கலாம். எடுத்துக்கொண்டு வாலாஜாபாத் வாருங்கள், பஸ் நிலையத்தில் நிற்கிறேன். வெள்ளிக்கிழமை மதியம் வேண்டாம், பாய் தொழுகைக்குப் போயிருப்பார். கேட்ட கூலியைக் கொடுங்கள். அதற்குப் பிறகு கவிதையைத் திருத்துவதா வேண்டாமா என்று பேசலாம்.