பாய்லருக்கு நீர்ச் சோதனை

நீராவியைக் கொண்டு வேலை செய்யும் கூட்டுறவுச் சாயச்சாலையிலும் சர்க்கரை ஆலையிலும், பாய்லர் சோதனை நெருங்கியதும் ஒரு முணுமுணுப்பு எழுவதுண்டு. “தீபாவளிச் சரக்கு நெருக்கும் சமயத்தில் அடுப்பை அணைப்பதா? நேற்றுவரை ஓடிய பாய்லர் இன்று ஓடாதா?” என்பார்கள். வேலை நின்றால் கூலி குறைவது உழைப்பவருக்கே என்பதை நாம் அறிவோம். ஆயினும் நேற்று ஓடியது என்பது இன்றைக்கு அத்தாட்சியாகாது.

அமெரிக்காவில் பிராக்டன் நகரத்துக் காலணித் தொழிற்சாலை ஒன்றில், 1905ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் தேதி, பழைய பாய்லர் ஒன்று வெடித்து 58 பேர் மாண்டனர். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த இணைப்பிலே வெடிப்பு மறைந்திருந்தது. வெறும் பார்வைக்கு அகப்படாத இத்தகைய பலவீனத்தைக் கூடியமட்டும் வெளிப்படுத்தவே அழுத்தச் சோதனை ஏற்பட்டது.

அதன் முறை எளியது. பாய்லரைக் குளிரவைத்து, நீரை முற்றிலும் நிரப்பி, உச்சியிலுள்ள காற்றை வெளியேற்றி, பம்பினால் மெல்ல மெல்ல அழுத்தம் ஏற்றுவர். புது பாய்லருக்கு வேலை அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு. அதாவது, சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோவில் ஓடவேண்டியது 15 கிலோவைத் தாங்கிக் காட்டவேண்டும். குழாய் முனைகளிலும் பற்றவைப்புகளிலும் நீர் கசிகிறதா, தகடு பிதுங்கி அப்படியே நின்றுவிடுகிறதா என்று பார்ப்பர்.

நீர் எதற்கு, கம்ப்ரஸர் காற்றை ஏற்றினால் சீக்கிரம் முடியுமே என்று சில இடங்களில் யோசனை கூறுவோர் உண்டு. இதனை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். 10 கிலோ அழுத்தத்திலும் நீர் சுருங்குவது ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கே. தகடு பிளந்தால் சிறிது நீர் பீறிட்டு அழுத்தம் உடனே விழுந்துவிடும். காற்றோ பதினொரு மடங்கு ஒடுங்கி உள்ளே அடைபட்டிருக்கும். பிளந்தால் அது குண்டுதான்.

1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டுப் பாய்லர் சட்டம் வந்துள்ளது. சான்றிதழின்றிப் பாய்லரை ஓட்டலாகாது என்ற விதி மாறவில்லை. சான்றிதழ் சுவரில் தொங்குகிறதா, அதன் தேதி என்ன என்று பொதுச் சபையில் கேட்க ஒவ்வோர் அங்கத்தினருக்கும் உரிமையுண்டு. கேட்பவரை விஷமக்காரர் என்று கருதுவது முறையன்று. சோதனைச் செலவை வரவு செலவுத் திட்டத்திலேயே சேர்த்து, வேலை மந்தமான மாதத்தில் நாள் குறித்துவிட்டால், தீபாவளி நெருக்கடி என்ற சாக்குக்கு இடமேது? அந்நாளின் கூலியையும் சங்கமே ஏற்பது நியாயம். அடுப்பருகே நிற்பவர் நிர்வாக சபையார் அல்லர். பாய்லர் அட்டெண்டரும் அவருடைய உதவியாளுமே.