வெளுத்ததெல்லாம் பாலா?

சில நாட்களுக்கு முன் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். எல்லோருக்கும் காப்பி வந்தது. பத்தாம் வகுப்பில் படிக்கும் அவர் மகனுக்கு மட்டும் தனி டம்ளர். பால் குடித்தால் அவனுக்கு வயிறு உப்பிப் பொருமுகிறதாம். எனவே கொதிக்கக் கொதிக்க இருந்த டிகாக்‌ஷனில் கடையில் வாங்கிய சோயாப் பாலை ஊற்றினார்கள். அடுத்த கணமே டம்ளரில் திப்பி திப்பியாக ஏதோ மிதந்தது. "என்ன இருந்தாலும் பாலைப் போல வருமா?" என்று பாட்டி சிரித்தார். பையனின் முகம் வாடிவிட்டது.

பாட்டி சொன்னது பாதிதான் சரி என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

காப்பியில் பால் என்ன வேலை செய்கிறது என்று நீங்கள் எப்போதாவது யோசித்ததுண்டா? பசும்பாலில் ஏறத்தாழ 4 சதவீதம் கொழுப்பு உண்டு. எருமைப் பாலில் அது 7 சதவீதம்வரை போகும். இந்தக் கொழுப்பு, கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாக நீரில் பரவி நிற்கிறது. நாக்கு உணரும் வழவழப்பு இத்துளிகளால் வருவதே. இவற்றோடு கேசின் என்னும் புரதம் நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. துளிகளும் உருண்டைகளும் ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிப்பதால் பால் வெண்மையாகத் தோன்றுகிறது. கேசின் இன்னொரு வேலையும் செய்கிறது. காப்பியின் துவர்ப்புக்குக் காரணமான சில பொருள்களைப் பற்றிக்கொண்டு, துவர்ப்பைத் தணிக்கிறது.

காப்பி ஓர் அமிலக் கரைசல். அதன் பி.எச். மதிப்பு சுமார் 5. கேசின் உருண்டைகள் திரள்வதற்குப் பி.எச். 4.6 அளவுக்கு இறங்க வேண்டும். பாலுக்கு அமிலத்தைத் தாங்கும் குணமும் இருப்பதால், நல்ல பால் காப்பியில் திரிவதில்லை. சோயாப் புரதம் இவ்வளவு பொறுமைசாலி அல்ல. சூடும் அமிலமும் ஒருங்கே தாக்கினால் முன்னதாகவே திரண்டுவிடும். இதைக் குறை என்று சொல்ல மாட்டேன். புரதம் திரளும் இந்தக் குணத்தை வைத்துத்தான் சீனரும் ஜப்பானியரும் சோயாப் பாலிலிருந்து டோஃபு என்னும் கட்டியைச் செய்கிறார்கள். ஆக, பையனின் டம்ளரில் மிதந்தது கெட்டுப்போன பால் அன்று, அரைகுறை டோஃபு!

தேங்காய்ப்பாலுக்கு வேறு தொல்லை. அதில் கொழுப்பு ஏராளம்; ஆனால் துளிகளைப் பிரித்துவைக்கும் புரதம் குறைவு. சொதி வைக்கும் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். தேங்காய்ப்பாலை ஊற்றியபின் கொதிக்கவிட்டால் எண்ணெய் பிரிந்துவிடும் என்பார். ஓட்ஸ் பானத்தின் கதை இன்னும் சுவையானது. சுவீடனில் லுண்டு பல்கலைக்கழகத்து ரிக்கார்ட் ஓஸ்டே 1990களின் தொடக்கத்தில், ஓட்ஸ் கூழில் நொதிகளைச் சேர்த்து, மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துப் பால் போன்ற நீர்மமாக்கினார். சர்க்கரை போடாமலே அது சற்று இனிப்பது இதனால்தான். காப்பிக்கென்றே விற்கும் வகைகளில் தாவர எண்ணெயும், அமிலத்தைத் தணிக்க டைபொட்டாசியம் பாஸ்பேட்டும் சேர்ப்பதுண்டு. டம்ளரின் வேலையைப் பொறுத்தவரை இவை பசும்பாலோடு போட்டி போடும்.

ஆனால் உடம்பின் வேலை வேறு. 100 மில்லி பசும்பாலில் 3 கிராமுக்கு மேல் புரதமும், சுமார் 120 மில்லிகிராம் கால்சியமும் உண்டு. சோயாப் பாலில் புரதம் ஏறக்குறைய அதே அளவு. கால்சியம் தனியாகச் சேர்த்தால்தான் உண்டு. ஓட்ஸ் பானத்தில் புரதம் 1 கிராம் அளவே. கடைகளில் விற்கும் பாதாம் பானம் பலவற்றில் பாதாம் பருப்பே 2, 3 சதவீதம்தான். மீதி பெரும்பாலும் தண்ணீர். விலையையும் பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். வளரும் பிள்ளைக்கு அன்றாடப் பாலுக்குப் பதிலாக ஒன்றைக் கொடுப்பதென்றால், என் வாக்கு சோயாவுக்கே.

இன்னும் முக்கியமான ஒரு செய்தி. "பால் ஒத்துக்கொள்ளவில்லை" என்ற ஒரே சொல்லால் இரண்டு வேறு நிலைகளைக் குறிக்கிறோம். பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்க லாக்டேஸ் என்ற நொதி தேவை. குழந்தைப் பருவம் கடந்தபின் உலக மக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு இந்த நொதி குறைந்துவிடுகிறது. செரிக்காத சர்க்கரையைப் பெருங்குடலில் பாக்டீரியாக்கள் நொதிக்க வைக்க, வாயு உண்டாகிறது. இது நோய் அன்று. இத்தகையோரில் பலர், காப்பியில் கலக்கும் சிறிதளவு பாலையும் தயிரையும் தொல்லையின்றி ஏற்பார்கள். மற்றது பால் புரதத்துக்கு ஒவ்வாமை. அது சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு துளிகூடக் கூடாது.

இங்கேதான் சொற்கள் நம்மை ஏமாற்றுகின்றன. அமெரிக்காவில் 1961-இல் காஃபி-மேட் என்ற காப்பி வெண்பொடி விற்பனைக்கு வந்தது. பிறகு இத்தகைய பொடிகள் பல கிளம்பின. 'பால்பொருள் அல்லாதது' என்று முகப்பில் அச்சிட்ட பொடிகளிலும், பின்புறத்துச் சிறிய எழுத்தில் 'சோடியம் கேசினேட்' என்றிருப்பதைக் காணலாம். கேசின் பாலிலிருந்து வருவதல்லவா! லாக்டோஸ் செரிக்காதவருக்கு அதனால் தீங்கில்லை. ஒவ்வாமை உள்ளவருக்கோ அது பாலேதான்.

ஐரோப்பிய நீதிமன்றம் 2017-இல், தாவரப் பானங்களைப் பால் என்ற பெயரில் விற்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. தேங்காய்ப்பால் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. நாம் எருக்கம்பால், கள்ளிப்பால் என்றுகூடச் சொல்கிறோம். அதற்காக யாரும் காப்பியில் ஊற்றிவிடவில்லை. முகப்பில் அச்சிடும் பெயருக்குச் சண்டை போடுவதைவிட, பின்புறத்து எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லிச் சண்டை போடலாம் என்பேன்.

அன்று நண்பர் வீட்டில் மறுபடி ஒரு டம்ளர் கலந்தோம். இம்முறை சோயாப் பாலை முதலில் வெதுவெதுப்பாக்கி, சற்று ஆறிய டிகாக்‌ஷனை அதில் சிறிது சிறிதாக ஊற்றினோம். திரியவில்லை. பாட்டி ஒரு வாய் குடித்துவிட்டு, "பச்சைப் பயறு வாடை அடிக்கிறதே" என்றார். அது உண்மைதான். ஊறிய சோயா மொச்சையைத் தண்ணீரில் அரைக்கும்போது, அதிலுள்ள ஒரு நொதி கொழுப்பைத் தாக்குவதால் அந்த வாடை பிறக்கிறது. கொதிக்கும் நீர் விட்டு அரைத்தால் நொதி செயலிழந்துவிடும். இதைச் சொன்னதும் பையன் மொச்சை வாங்கிவரக் கிளம்பிவிட்டான்.