விழவில்லை, துள்ளியது

“பிளேன் விழுந்துடுச்சாமே?” திருச்சியிலிருந்து அத்தை கேட்கிறார், சிங்கப்பூரிலிருந்து மச்சான் கேட்கிறார், யாரென்றே நினைவுக்கு வராத ஒரு தூரத்துச் சொந்தமும் கேட்கிறது. விழவில்லை என்று எத்தனை பேருக்குத்தான் சொல்வது? மெல்பர்னின் மூராபின் விமானத் தளத்தில் என் அண்ணன் மகன் தனியாக ஓட்டிவந்த செஸ்னா 172, இறங்கும்போது துள்ளியது. மறுபடி தரையைத் தொட்டபோது முன்சக்கரம் மடங்கி, ப்ரொபெல்லர் நுனி ரன்வேயில் உரசி நின்றது. கதவைத் திறந்துகொண்டு நடந்து வந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை.

அந்த ரக விமானத்தைச் சுமார் 65 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 120 கிலோமீட்டரில், ரன்வேக்குக் கொண்டுவர வேண்டும். கொஞ்சம் கூடிப்போனால் தரையை ஒட்டி மிதந்துகொண்டே போகும், உட்காராது. பொறுமை இழந்து மூக்கை அழுத்தினால் முன்சக்கரம் முதலில் தொடும், விமானம் எகிறும். எகிறியதைப் பார்த்ததும் கை தானாக இன்னும் அழுத்தும். அடுத்த எகிறல் முந்தியதைவிட மோசமாக இருக்கும். அந்த நேரத்தில் முழு வேகம் கொடுத்து மேலே ஏறிப் போய், சுற்றி வந்து மறுபடி இறங்கு என்பதுதான் பாடம். பக்கத்தில் பயிற்சியாளர் இருந்தால் கத்தியாவது சொல்லியிருப்பார். சோலோ என்றால் அந்த இருக்கை காலி. பயிற்சி விமானம் ஓடுகிற எந்த நாட்டிலும் நடக்கிற சங்கதி இது.

ஆனால் எங்கள் மாமாவுக்கு ஒரு வீடியோ கிடைத்துவிட்டது. 2019 ஆகஸ்டில் பெர்த் பக்கம் ஜண்டகாட்டில் நடந்தது. பறந்துகொண்டிருக்கும்போதே பயிற்சியாளர் மயங்கிச் சாய, கற்றுக்கொள்ள வந்த மாக்ஸ் சில்வெஸ்டர், கோபுரத்திலிருந்தவர் ரேடியோவில் சொல்லச் சொல்ல, அந்தச் சின்ன செஸ்னாவைப் பத்திரமாக இறக்கிவிட்டார். மனைவியும் பிள்ளைகளும் கீழே நின்றிருந்தார்கள். அபாரமான காரியம்தான், யார் இல்லை என்றது? அதற்காக, “அந்தப் பையன் ஆரம்பப் பாடத்துலயே இறக்கிட்டான், நம்ம ஆளுக்கு என்ன கேடு?” என்று பெற்ற தகப்பனிடமே கேட்பதா? மாமா காரை ரிவர்ஸ் எடுத்தால் தெருவே ஒதுங்கி நிற்கும் என்பதை இங்கே சொல்லாமல் விடுகிறேன்.

அண்ணிக்கு வேறு மாதிரித் தொல்லை. மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்திலும் ஒரு மங்களூர் இருக்கிறது. சீமோர் தாண்டி வயல்வெளி நடுவே ஒரு பயிற்சித் தளம். 2020 பிப்ரவரியில் அதன் அருகே இரண்டு விமானங்கள் வானில் மோதி நான்கு பேர் இறந்தார்கள். அதைத் தேடி எடுத்து, பிள்ளையைப் பிரிந்து உட்கார்ந்திருக்கும் தாய்க்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்த புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்.

இத்தனைக்கும் ஆஸ்திரேலியாவில் விபத்தை விசாரிக்கிற போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகத்தின் வேலை யார்மேலும் பழி போடுவதல்ல. 2003-ம் ஆண்டுச் சட்டமே அப்படித்தான் வகுத்திருக்கிறது. என்ன நடந்தது, ஏன் நடந்தது, மறுபடி நடக்காமலிருக்க என்ன செய்யலாம், அவ்வளவுதான் அவர்கள் கேள்வி. அங்கே ஒழுங்காக எழுதிக் கொடுத்து வந்தவனை, சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு நீதிபதியாகி நிற்க வைத்துக் கேட்கிறார்கள்.

அவர்களையாவது போனை எடுக்காமல் சமாளிக்கலாம். பயிற்சிப் பள்ளி அனுப்பிய பில்லை என்ன செய்வது? ஓடுகிற ப்ரொபெல்லர் தரையில் பட்டுவிட்டால் இன்ஜினைக் கழற்றி உள்ளே சோதிக்காமல் மறுபடி பறக்க விடமாட்டார்கள். அது நியாயம். காப்பீடு இருக்கிறது, அதுவும் சரி. ஆனால் காப்பீட்டில் முதல் சில ஆயிரம் டாலர் மாணவன் தலையில் என்று, சேரும்போது கையெழுத்து வாங்கிய காகிதக் கட்டில் ஒரு வரி ஒளிந்திருந்திருக்கிறது. கற்றுக்கொள்ள வந்தவன் தவறு செய்வான் என்று தெரிந்துதானே பள்ளிக்கூடம் நடத்துகிறார்கள்? கட்டணம் வாங்கும்போது மாணவன், சக்கரம் மடங்கினால் வாடிக்கையாளன். அண்ணன் ஊரில் நிலத்தை அடகு வைத்து அனுப்பிய பணம் இது.

பணம் போகட்டும் என்றால் விமானமும் இல்லை. ஒன்று பட்டறைக்குப் போனால் மிச்சமிருப்பதற்கு வரிசை. ஊர் திரும்பி இந்தியாவில் வணிக விமானி உரிமம் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், அதில் 100 மணி விமானத்துக்குத் தானே பொறுப்பாக. மெல்பர்ன் வானிலையில் அந்த மணிகளைச் சேர்ப்பது லேசா? காலையில் வெயில், பத்து மணிக்குத் தாழ்ந்த மேகம், மதியம் விரிகுடாவிலிருந்து பக்கக் காற்று.

இறங்கக் கற்க ஒரே வழி, ரன்வேயைச் சுற்றிச் சுற்றி வந்து இறங்கிப் பழகுவது. அதற்கும் அக்கம்பக்கத்தில் சத்தம் என்று புகார். மூராபின் தளம் 1949 முதல் அங்கேதான் இருக்கிறது. பிறகு வந்து வீடு வாங்கியவர்கள் தலைக்குமேல் விமானம் பறப்பதை நேற்றுத்தான் கண்டுபிடித்தது போலப் பேசுகிறார்கள். விடுமுறைக்குப் பாலி போகும்போது மட்டும் விமானி பழுத்த அனுபவசாலியாக இருக்க வேண்டும். அவர் எந்தத் தெருவுக்கு மேலே பழகினாராம்?

நாளைக் காலை எட்டு மணிக்குப் பயிற்சியாளரோடு மறுபடி ஏறுகிறான். முன்னறிவிப்பில் மழை. பறக்காவிட்டால் அந்த நேரத்துக்குப் பள்ளி பணம் கேட்காதாம். அவன் தங்கியிருக்கும் அறைக்கு அப்படியொரு சலுகை கிடையாது. வானம் எப்படி இருந்தாலும் வியாழக்கிழமை வாடகை கட்டியாக வேண்டும்.