நாடகத்துக்கு முன் வரும் செய்தி

2008ஆம் ஆண்டு அக்டோபரில் வசந்தம் தனி ஒளிவழியானது. சிறுவர் நிகழ்ச்சி, சமையல், செய்தி, நாடகம் எனப் பலவும் அதில் ஒளியேறுகின்றன. கைப்பேசியில் பிடித்ததை மட்டும் பார்க்கும் உங்களுக்கு இத்தனையும் எதற்கு என்று தோன்றலாம். எங்கள் வீட்டில் அம்மா நாடகத்துக்காகக் காத்திருப்பார். அதற்குள் இரவு 8.30 மணிச் செய்தியும் எல்லார் காதிலும் விழும். 'பணவீக்கம்' என்ற சொல்லை என் மகன் அப்படித்தான் கற்றான், நான் சொல்லித்தரவில்லை.

நாடகம் தொடங்கினால் மட்டும் அவன் கண்கள் திரையின் அடியில் வரும் ஆங்கில வரிகளுக்குப் போய்விடுகின்றன. தமிழ் தெரியாதவர்களும் பார்க்க அவை தேவைதான். ஆனாலும், வாரம் ஒரு நாடகத்தையாவது அவ்வரிகள் இல்லாமல் ஒளிபரப்பலாம் என்பது என் கருத்து. இப்போது நகைச்சுவைக் காட்சிகளில் பாட்டிக்கு முன்பே பேரன் சிரித்துவிடுகிறான்.