ஷார்ஜாவில் வீடு, துபாயில் வேலை: நடுவில் நம் உடம்பு

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை எமது கிளினிக்குக்கு ஓர் இளைஞர் வந்தார். இளைஞர் என்றால் நாற்பத்திரண்டு வயது; எமது வயதுக்கு அவர் இளைஞர்தான். ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஷார்ஜா அல் நஹ்தாவில் வீடு, துபாய் அல் கூஸில் கணக்கர் வேலை. "ஒரு வாரமா தலைவலி சார், மாத்திரை போட்டும் நிக்கல" என்றார். இரத்த அழுத்தம் பார்த்தோம்: 168க்கு 104. காலையில் எத்தனை மணிக்கு எழும்புகிறீர்கள் தம்பி என்று கேட்டோம். "நாலேகால்" என்றார். நடைப்பயிற்சிக்கா என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டார். "இல்ல சார், சாலிக்குக்கு!"

விஷயம் இதுதான். 2025 ஜனவரி 31 முதல் சாலிக் கட்டணம் நேரத்துக்கு நேரம் மாறுகிறது. வேலை நாட்களில் காலை 6 முதல் 10 வரையும் மாலை 4 முதல் 8 வரையும் ஒரு வாசலுக்கு 6 திர்ஹம். மற்ற நேரத்தில் 4. இரவு 1 மணியிலிருந்து காலை 6 வரை இலவசம். அவர் போகும் வழியில் இரண்டு வாசல் என்று வைத்தாலே, மாதம் 22 நாளுக்குக் காலைப் பயணம் மட்டும் 264 திர்ஹம். ஆறு மணிக்கு முன் எல்லா வாசலையும் தாண்டிவிட்டால் அந்தப் பணம் மிச்சம், நெரிசலும் இல்லை. ஆகவே ஐந்து மணிக்குப் புறப்பட்டு, ஐந்தே முக்காலுக்கு அலுவலகக் கட்டிடத்தின் அடித்தள பார்க்கிங்கில் நிறுத்தி, ஏசியைப் போட்டுக்கொண்டு ஏழே முக்கால் வரை காருக்குள்ளேயே தூங்குவார்.

தலைவலிக்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. தூக்கமின்மை ஒன்று, அதனோடு சேர்ந்த இரத்த அழுத்தம் இரண்டு. மூன்றாவதை நினைத்தபோது எமக்கே திக்கென்றது. மூடிய பார்க்கிங்கில் இஞ்சினை ஓடவிட்டுத் தூங்குகிறவர் கார்பன் மோனாக்சைடை சுவாசிக்க நேரும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் என்று ஆரம்பித்து எழும்பாமலே போய்விடலாம். இதைப் படிப்பவர்களில் அப்படித் தூங்குகிறவர் யாராவது இருந்தால், நாளை முதல் வேண்டாம். அலுவலகத்துக்குள் ஒரு நாற்காலியில் சாய்ந்து தூங்குங்கள், யார் சிரித்தாலும் பரவாயில்லை.

நாம் இங்கே வந்த காலத்தில் துபாய் க்ரீக்கைத் தாண்ட அல் மக்தூம் பாலம், கர்ஹூத் பாலம், ஷிந்தகா சுரங்கம், இவ்வளவுதான். 2006ல் துபாயில் பதிவான வாகனங்கள் சுமார் 7 இலட்சத்து 40 ஆயிரம். 2014ல் அது 14 இலட்சமாயிற்று. இடையில் 2007ல் சாலிக் வந்தது, பிஸினஸ் பே பாலம் வந்தது, 2009 செப்டம்பர் 9ம் திகதி மெட்ரோ ஓடத் தொடங்கியது. ஒவ்வொன்று திறந்தபோதும் "இனி நெரிசல் குறையும்" என்றுதான் நாமும் மகிழ்ந்தோம். 2024ல் போக்குவரத்து ஆணையம் சொன்ன கணக்குப்படி துபாயில் பதிவான வாகனங்கள் 25 இலட்சம். பகல் நேரத்தில் சாலையில் இருப்பவை 35 இலட்சம். மிகுதிப் பத்து இலட்சம் வெளியிலிருந்து வந்து போகிறவை. அல் இத்திஹாத் சாலையிலும் ஷேக் முகமது பின் சாயித் சாலையிலும் எமிரேட்ஸ் சாலையிலும் காலையில் தெற்கே, மாலையில் வடக்கே ஊர்ந்துகொண்டிருக்கும் அந்தக் கூட்டத்தில் நம் சங்கக் குடும்பங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். மெட்ரோ இன்னும் ஷார்ஜாவுக்குள் வரவில்லை.

எமக்கு நெரிசல் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது துபாய் அல்ல. 1995 அக்டோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு இலட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் நகர்ந்தபோது, நாவற்குழிப் பாலத்தை நோக்கி அங்குலம் அங்குலமாக நடந்தவர்களில் நாமும் இருந்தோம். மழையில் குடையைத் திருப்பிப் பிடித்துத் தண்ணீர் குடித்தார்கள். சீனி வருத்தக்காரர்களும் முதியவர்களும் பாதையிலேயே மயங்கி விழுந்தார்கள். அது உயிருக்காக நகர்ந்த நெரிசல், இது வாடகைக்காக. இரண்டையும் ஒப்பிடக்கூடாதுதான். ஆனாலும் அன்று பார்த்த ஒன்றை இன்றும் பார்க்கிறோம்: வழியில் ஒதுங்க இடம் இராது என்று பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருப்பது.

எமது கிளினிக்குக்கு வரும் வேலைக்குப் போகும் பெண்களில் அடிக்கடி சிறுநீர்த் தொற்று வருகிறவர்களிடம் ஒரே கேள்வி கேட்போம்: மாலையில் எத்தனை மணிக்குக் கடைசியாகத் தண்ணீர் குடிப்பீர்கள்? பெரும்பாலும் பதில் "மூன்று மணி." ஐந்தரைக்குப் புறப்பட்டு ஏழரைக்கு வீடு சேரும்வரை வண்டியில் இருக்கவேண்டுமே என்ற பயம். வளைகுடா வெப்பத்தில் இப்படி உடலைக் காயவிட்டால் சிறுநீரகக் கல் வருவதற்கும் வழி திறந்துவிடுகிறோம். ஆண்களும் இதில் குறைந்தவர்கள் அல்லர். தண்ணீரைப் பகல் முழுவதும் பிரித்துக் குடியுங்கள், புறப்படுமுன் கழிவறை போங்கள், வழியில் எந்த பெட்ரோல் நிலையத்துக்குள் திரும்பலாம் என்று முன்பே பார்த்து வையுங்கள். பத்து நிமிடம் தாமதமானால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு நெரிசல் வேறு விதமான ஆபத்து. ஆறு மணிக்கு வீட்டில் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துவிட்டு, "சாப்பாடு ஆபீஸ் போய்" என்று கிளம்புகிறார்கள். வழக்கமாக ஏழரைக்குப் போய்ச் சேருவார்கள். ஒரு விபத்து நடந்து வரிசை நின்றுவிட்டால் ஒன்பது மணி. கை நடுக்கம், வியர்வை, கண் மங்கல் எல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே வரும். கிளிமெபிரைட், கிளிக்லசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களும் இன்சுலின் போடுபவர்களும் உணவு முன்னால் இருக்கும்போது மட்டும் மருந்தை எடுக்கவேண்டும். காரில் குளுக்கோஸோ பழச்சாறோ கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும், டிக்கியில் அல்ல. இன்சுலினைக் காரில் விட்டுச் செல்லாதீர்கள். வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் கோடையில் எவ்வளவு கொதிக்கும் என்று தெரியாதவர் இங்கே யார்? வெந்த இன்சுலினைப் போட்டுக்கொண்டு "மருந்து வேலை செய்யவில்லை டொக்டர்" என்று வந்தவர்கள் உண்டு.

இதயத்தைப் பற்றி ஒரு தகவல். 2004ல் வெளியான ஓர் ஆய்வில், ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் மாரடைப்பு வந்து பிழைத்த சுமார் 700 பேரை ஆராய்ந்தார்கள். போக்குவரத்தில் இருந்த பின்வரும் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு என்று கண்டார்கள். கார் மட்டுமல்ல, பஸ்ஸில் போனவர்களுக்கும் அப்படியே. புகையா, சத்தமா, மன அழுத்தமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. தென்னாசியர்களான நமக்கோ முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு வருடம் முன்னதாகவே வருகிறது என்பது 2007ல் வெளியான பன்னாட்டு ஆய்வில் தெளிவானது. ஆகவே நெரிசலில் நெஞ்சு இறுகினால், இடது கையோ தாடையோ வலித்தால், "வாயுவாக இருக்கும், வீடு போய்ப் பார்ப்போம்" என்று ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள். சாலை ஓரத்தில் ஒதுங்கி, அபாய விளக்கைப் போட்டு, 998ஐ அழையுங்கள். ஓரப்பாதையில் முந்திச் சென்றால் 1000 திர்ஹம் அபராதம் என்ற பயத்தில் அவசரத்துக்கும் அங்கே நிறுத்தத் தயங்குகிறார்கள். அந்தப் பாதை இருப்பதே அவசரத்துக்குத்தான்.

முதுகுவலி, கழுத்துவலி பற்றி எழுதினால் இன்னொரு இதழ் வேண்டும். இருக்கையைச் சரிசெய்யுங்கள், முதுகுப் பையிலுள்ள பர்ஸை எடுத்துவிட்டு உட்காருங்கள், இப்போதைக்கு அது போதும்.

பிள்ளைகள் விஷயத்தில்தான் எமக்குக் கோபமே வருகிறது. ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் தேவை. பஸ் ஐந்தரைக்கு வருகிறது என்றால் பிள்ளை ஐந்து மணிக்கு எழும்பவேண்டும், அப்படியானால் இரவு எட்டு மணிக்குப் படுக்கவேண்டும். அப்பா வீடு வருவதே எட்டு மணிக்கு! அதன் பிறகுதான் வீட்டுப்பாடம், டியூஷன், சாப்பாடு. பதினொரு மணிக்குப் படுக்கும் பிள்ளை வகுப்பில் கவனமில்லாமல் இருக்கிறது, எரிந்து விழுகிறது, எடை கூடுகிறது. பெற்றோர் விட்டமின் கேட்டு எம்மிடம் வருகிறார்கள். தூக்கத்துக்கு விட்டமின் கிடையாது.

"அப்படியானால் துபாய்க்கே குடிவரச் சொல்கிறீர்களா, வாடகையை நீங்கள் கட்டுவீர்களா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நாமும் பதினொரு வருடம் ஷார்ஜாவில் இருந்து துபாய்க்கு ஓட்டியவர்கள்தான். நாற்பத்தாறாம் வயதில் இரத்த அழுத்த மாத்திரை தொடங்கினோம். அடுத்தவருக்குச் சொன்னதை நாம் செய்யவில்லை. எமது கருத்து இவ்வளவுதான்: வீடு பார்க்கும்போது வாடகையோடு நேரத்தையும் கணக்கில் சேருங்கள். தினம் மூன்று மணி நேரம் என்றால் மாதம் 66 மணி நேரம். அதோடு பெட்ரோல், சாலிக், மருந்துச் செலவு. இதையெல்லாம் கூட்டிய பிறகும் ஷார்ஜாவே மலிவு என்றால் சரி, இருங்கள். பல குடும்பங்களுக்கு அதுதான் உண்மை. ஆனால் கூட்டிப் பார்க்காமலே இருக்கிறோம்.

வீட்டை மாற்ற முடியாவிட்டால் நேரத்தை மாற்றப் பாருங்கள். ஸ்டேடியம் அல்லது எத்திசலாத் மெட்ரோ நிலையம்வரை மட்டும் காரில் போய் மிகுதியை ரயிலில் போகிறவர்கள் எமது நோயாளிகளில் சிலர் இருக்கிறார்கள். நடை கூடியிருக்கிறது, இரத்த அழுத்தமும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மாலையில் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே முக்கால் மணி நேரம் நடந்துவிட்டு எட்டு மணிக்கு மேல் புறப்படுங்கள் என்று ஒருவருக்குச் சொன்னபோது, அவர் மனைவி எம்மை ஒரு பார்வை பார்த்தார். "அப்போ பிள்ளைங்க அப்பாவ எப்போ சார் பாக்கும்?" எம்மிடம் பதில் இல்லை. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் என்று ஒத்துக்கொண்டார்கள்.

வேலை தருகிறவர்களிடமும் கேட்கலாம். வேலை தொடங்கும் நேரத்தை இரண்டு மணி நேரத்துக்குள் விரித்து, மாதத்தில் நான்கைந்து நாள் வீட்டிலிருந்தே வேலை செய்ய விட்டால், துபாயில் காலை நெரிசலை 30 சதவீதம்வரை குறைக்கலாம் என்று அரசாங்கமே 2024ல் ஆய்வு செய்து சொல்லியிருக்கிறது. அந்தத் திருநெல்வேலித் தம்பிக்கு மருத்துவக் கடிதம் கொடுத்தோம். முதலில் மேலாளர் தலையாட்டவில்லை. இரண்டாவது முறை போனதும், வாரத்தில் ஒரு நாள் வீட்டிலிருந்து என்று சம்மதித்தாராம். ஒரு நாள்தான். அந்த ஒரு நாள் ஏழு மணிவரை தூங்குவதாகச் சொன்னார். சென்ற வாரம் அழுத்தம் 146க்கு 92. மாத்திரையும் எடுக்கிறார், ஆகவே முழுப் புகழும் தூக்கத்துக்குப் போகாது.

கடைசியாக நம் சங்கத்துக்கே ஒரு வேண்டுகோள். செயற்குழு நண்பர்கள் கோபிக்கக்கூடாது. ஞாயிறு இரவு விழா ஏழு மணி என்று அழைப்பிதழில் போட்டு, எட்டரைக்கு விளக்கேற்றி, பதினொன்றரைக்குச் சாப்பாடு போடுகிறோம். மறுநாள் திங்கள். ஐந்து மணிக்கு அந்தப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு எழும்பவேண்டும், அப்பாமார் அரைத் தூக்கத்தில் இத்திஹாத் சாலையில் ஏறவேண்டும். பதினேழு மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், மது அருந்தியவரின் செயல்திறனைப் போலத் தடுமாறும் என்று 1997லேயே ஆய்வு செய்து காட்டியிருக்கிறார்கள். அடுத்த ஆண்டு விழாவைச் சனிக்கிழமை பகல் பத்து மணிக்கு வைத்தால் என்ன? ஒரு மணிக்குச் சாப்பாடு, மூன்று மணிக்கு வீடு. பட்டிமன்றத்தில் ஒரு சுற்றைக் குறைத்தாலும் நாம் குறை சொல்லமாட்டோம்.

சிறுநீரகக் கல் பற்றிச் சில வாசகர்கள் கேட்டிருந்தார்கள். அதை அடுத்த இதழில் விரிவாக எழுதுகிறோம்.